ஹார்மோன் என்றால் இயக்குநீர்: தட்டைப்புழுவை வைத்து ஒரு சொல் விளக்கம்

'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய உரையில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்தினார். 'இயங்கச் செய், கிளப்பிவிடு' என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லே அதன் வேர். 1902-இல் அவரும் வில்லியம் பேலிஸும் செக்ரிட்டினைக் கண்டறிந்திருந்தார்கள். குடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பிறகும், குடல் சுவரிலிருந்து இரத்தத்தில் கலந்த அந்தப் பொருள் கணையத்தைச் சுரக்க வைத்தது. ஆக, சொல்லின் உயிர் 'இயக்குதல்' என்ற வினையில்தான் இருக்கிறது. எங்கே சுரக்கிறது, எதன் வழியாகப் போகிறது என்பதெல்லாம் வேரில் இல்லை.

தமிழில் இதற்கு 'இயக்குநீர்' தவிரவும் பல சொற்கள் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'ஓமோன்' என்று எழுதும்; தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஹார்மோன்' அப்படியே நிற்கிறது. 'வளரூக்கி' என்பாரும் உண்டு. ஆனால் உரக்கடையில் 'வளர்ச்சி ஊக்கி' என்று கேட்டால் ஜிப்ரலிக் அமிலம் போன்ற பயிர் மருந்தைத் தருவார்கள். தவிர, எல்லா ஹார்மோனும் வளர்ச்சியைத் தூண்டுவதில்லை. 'நாளமில்லாச் சுரப்பி நீர்' என்பதில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. அங்கே நாளம் என்பது சுரப்பை வெளியே கொண்டுசெல்லும் குழாய். 'இரத்த நாளம்' என்றே கேட்டுப் பழகிய மாணவர், இரத்தக் குழாய் இல்லாத சுரப்பி என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அந்தச் சுரப்பிகளில் இரத்தக் குழாய்கள் மிக அடர்த்தி.

இரத்தக் குழாயே இல்லாத உயிர் தட்டைப்புழு. அதற்கு இரத்தமும் கிடையாது, உடற்குழியும் கிடையாது. ஆனாலும் ஹார்மோன்கள் உண்டு, அவை இனப்பெருக்க உறுப்புகளை வளர்க்கவும் குறைக்கவும் செய்கின்றன. பெரும்பாலும் அவற்றை உண்டாக்குபவை நரம்புச் செல்கள்.

தட்டைப்புழுக்களில் நன்கு ஆராயப்பட்டது ஷ்மிட்டியா மெடிடரேனியா என்ற நன்னீர்ப் பிளனேரியா. அதன் ஒரு வகை உடலைப் பிளந்தே பெருகும். மற்றது இருபால் உயிரி. இருபால் வகையில் மூளைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சூலகங்களும், முதுகுப் பக்கம் இரு ஓரமாக ஏராளமான விந்தகங்களும் இருக்கும். தலையை வெட்டினால், பின்னால் எஞ்சும் உடலில் விந்தகங்கள் சுருங்கித் தொடக்கநிலைச் செல்கள் மட்டும் மிஞ்சும். தலை மீண்டும் முளைத்து, புழு இரை தின்று தேறினால் விந்தகங்களும் திரும்பும்.

தலையிலிருந்து வரும் ஆணை எது? 2010-இல் வெளியான ஆய்வு என்பிஒய்-8 என்ற நரம்புப் பெப்டைடை, அதாவது நரம்புச் செல் உண்டாக்கும் சிறு புரதத் துண்டைச் சுட்டியது. அதன் மரபணுவை அடக்கினால், தலை முழுதாக இருக்கும்போதே விந்தகங்கள் சுருங்கிவிடுகின்றன. நீண்ட முன்னோடிப் புரதத்தை வெட்டிப் பெப்டைடாக்கும் நொதியை அடக்கினாலும் இதே விளைவுதான்.

மரபணுவை அடக்கும் முறை எளிது. கன்றின் ஈரலை அரைத்து வடித்த விழுதில், அந்த மரபணுவுக்குப் பொருந்தி அதை அடக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கலந்து, புழு தின்றதா என்று தெரிய ஒரு துளி உணவுச் சாயமும் சேர்ப்பார்கள். புழு வயிற்றின் நடுவிலிருந்து தொண்டைக்குழலை நீட்டி உறிஞ்சும்; சாயம் குடல் கிளைகளில் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். மிச்ச ஈரலை ஓரிரு மணி நேரத்தில் எடுத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லையேல் நீர் கெட்டுப் புழு சாகும். பல வாரம் இப்படி ஊட்டியபின், செல் உட்கருவுக்குச் சாயமேற்றிப் பார்த்தால் முதிர்ந்த விந்தணுக்களின் உட்கரு நூல் போல நீண்டு தெரியும். அடக்கிய புழுவில் அந்த நூல்கள் இருக்காது. பிழை நேர்வது பெரும்பாலும் தீனியில். பட்டினி கிடந்தாலே விந்தகம் சுருங்கும். மரபணுவை அடக்காத ஒப்பீட்டுப் புழுக்களுக்கும் அதே அளவு, அதே நாளில் ஊட்டாவிட்டால், பசியின் விளைவை ஹார்மோன் குறைவு என்று தவறாகப் படித்துவிடுவோம்.

இங்கே சுரப்பியும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை, பெப்டைடு 'நீரும்' இல்லை. பின் 'இயக்குநீர்' பொருந்துமா? பொருந்தும் என்பதே எங்கள் முடிவு. 'இயக்கு' கிரேக்க வேரின் நேர்ப்பொருள். 'நீர்' என்பதை உமிழ்நீர், பித்தநீர் வரிசையில் உடல் சுரக்கும் பொருள் என்று கொள்ளலாம். 'நரம்பு இயக்குநீர்' என்று முன்னொட்டுச் சேர்த்தால் பிறப்பிடமும் விளங்கும்.

இந்தச் சொல்லின் எல்லை எங்கே என்பதை நத்தைக் காய்ச்சல் உண்டாக்கும் ஷிஸ்டோசோமா காட்டுகிறது. இதுவும் தட்டைப்புழுதான், ஆனால் ஆண் பெண் தனித்தனி. பெண், ஆணின் உடல் மடிப்புக்குள் தங்கியிருந்தால்தான் முதிரும். பிரித்துவிட்டால் அதன் மஞ்சட்கருச் சுரப்பிகள் சுருங்கிவிடும். 2022-இல் காரணம் தெரிந்தது: இணை சேர்ந்த ஆண், பீட்டா-அலனைல்-டிரிப்டமின் என்ற சிறிய பெப்டைடை உண்டாக்குகிறது. ஆய்வகத்தில் அதை மட்டும் கொடுத்தபோது ஆணைக் காணாத பெண்களும் முதிர்ந்து முட்டையிட்டன. கல்லீரலில் சிக்கி நோயைக் கொடுப்பவை இந்த முட்டைகளே என்பதால், இந்தச் சமிக்ஞையைத் தடுக்க முடியுமா என்பது மருத்துவத்துக்கும் முக்கியமான கேள்வி.

ஓர் உடலில் பிறந்து மற்றோர் உடலை இயக்குவதால் இது ஃபெரோமோன். 'சுமந்து செல்' என்ற கிரேக்க வேரை ஹார்மோனோடு இணைத்து 1959-இல் கார்ல்சனும் லூஷரும் அமைத்த சொல் அது. வயலில் 'இனக்கவர்ச்சிப் பொறி' வைப்பவர்கள் இதை 'இனக்கவர்ச்சி' என்றே அறிவார்கள். அந்துப்பூச்சிக்கு அது சரி. ஷிஸ்டோசோமாவில் இந்தப் பெப்டைடின் வேலை பெண்ணை ஈர்ப்பதன்று, முதிர வைப்பது. எனவே 'புற இயக்குநீர்' என்று எழுதலாம்: 'ஆண் புழுவின் புற இயக்குநீர் பெண் புழுவை முதிரச் செய்கிறது, பிளனேரியாவின் விந்தகத்தைக் காப்பது அதன் சொந்த நரம்பு இயக்குநீர்.'