ஒரு மா நிலமும் முடிவில்லாத தசமமும்

மன்னார்குடிப் பக்கமோ திருவாரூர்ப் பக்கமோ நிலம் எவ்வளவு என்று கேட்டால், பெரியவர்கள் "அஞ்சு மா", "அரை வேலி" என்றுதான் சொல்வார்கள். பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்). ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பின்னத்தைத் தசமமாக்கியாக வேண்டும். அப்போது ஒரு விசித்திரம் தெரியும். 20 மா ஒரு வேலி. ஆகவே வேலிக் கணக்கில் ஒரு மா என்பது 1/20, அதாவது 0.05. அதோடு சரி. அதே மாவை ஏக்கராக மாற்றினால் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது.

ஏன் என்று பார்க்க ஒரு வகுத்தலை மெதுவாகச் செய்வோம். மூவீசத்தை, அதாவது 3/16-ஐ எடுத்துக்கொள்ளலாம். 3-இல் 16 போகாது. பூஜ்யம் போட்டுப் புள்ளி வைக்கிறோம். 3-ஐப் பத்தால் பெருக்கினால் 30. அதில் 16 ஒரு தடவை போகும், மீதி 14. 140-இல் 8 தடவை, மீதி 12. 120-இல் 7 தடவை, மீதி 8. 80-இல் 5 தடவை, மீதி ஒன்றுமில்லை. விடை 0.1875.

இங்கே ஒவ்வொரு படியிலும் மீதியைப் பத்தால் பெருக்குகிறோம். பத்துக்குள் இருப்பவை ஒரு 2, ஒரு 5, அவ்வளவுதான். 16 என்பது நான்கு 2-களின் பெருக்கம். நான்கு தடவை பத்தால் பெருக்கியதும் அது முழுதாக அடிபட்டுப் போகிறது. சுருக்கி எழுதிய பின்னத்தின் கீழெண்ணில் 2, 5 தவிர வேறு பகா எண் இருந்தால், எத்தனை பத்து போட்டுப் பெருக்கினாலும் அது அடிபடாது. தசமம் நிற்குமா நிற்காதா என்பதற்கு இந்த ஒரு விதி போதும். பின்னம் சிறியதா பெரியதா என்பதற்கு இதில் வேலையே இல்லை.

நம் பழைய பின்னங்களை இந்த விதியோடு வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாமே 2-களாலும் 5-களாலும் ஆனவை. முந்திரி 0.003125 என்று சுத்தமாக முடிகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தப் பிரம்மாண்டமான எண்ணைப் பிரித்தால் இருபத்து நான்கு 2-களும் ஐந்து 5-களும்தான் கிடைக்கும். ஆகவே அதுவும் 24-ஆவது இடத்தில் நின்றுவிடும்!

சரி, ஏக்கரில் என்ன சிக்கல்? நிலம் அளக்கும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதுண்டு. 12 அடிக் கோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, ஆக 14,400 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சுருக்கினால் ஒரு மா என்பது 40/121 ஏக்கர். 121 என்பது 11 × 11. இந்த 11 வந்தது இங்கிலாந்திலிருந்து. 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குன்டர் வகுத்த அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஒரு ஏக்கர். 66-க்குள் 11 இருக்கிறது, பரப்பில் அது இரண்டு தடவை வந்துவிடுகிறது.

121-ஆல் வகுக்கும்போது மீதி ஒருபோதும் பூஜ்யமாகாது. 1 முதல் 120 வரைதான் மீதி வர முடியும் என்பதால், என்றாவது ஒரு நாள் பழைய மீதியே திரும்பி வந்தாக வேண்டும். வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் பழையபடியே. இங்கே 22 இலக்கங்களுக்கு ஒருமுறை சுற்று திரும்புகிறது: 0.3305785123966942148760, மறுபடி 33057…

"மூணு மா ஒரு ஏக்கர்" என்ற வாய்க்கணக்கு நெருக்கமானதுதான். உண்மையில் இரண்டரைக் குழி குறையும். ஒரு மாவை 33 சென்ட் என்று வெட்டிவிட்டு 20-ஆல் பெருக்கினால் வேலி 6.60 ஏக்கர் ஆகும். அசல் கணக்கைவிட அது 504 சதுர அடி, அதாவது மூன்றரைக் குழி குறைவு. முதலிலேயே தசமமாக்கி வெட்டியதால் வந்த வினை இது. பின்னமாகவே பெருக்கி, 800/121 என்று வைத்துக்கொண்டு, கடைசியில் வகுத்தால் 6.6116 ஏக்கர் கிடைக்கும்.

ஹெக்டேரில் இந்தத் தொல்லையே கிடையாது. 1959-இல் ஓர் அடி சரியாக 0.3048 மீட்டர் என்று வரையறுத்தார்கள். அது முடியும் தசமம் என்பதால், ஏக்கரில் நிற்காத அதே மா 1337.803776 சதுர மீட்டர் என்று ஆறாவது இடத்தில் நின்றுவிடுகிறது. பட்டாவுக்கு அதை 13.38 ஏர் என்று எழுதிக்கொள்ளலாம்.