ஜேசிபியைக் கூப்பிடும் முன் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுங்கள்

"இடத்தை நல்லா லெவல் பண்ணியாச்சு, பிளான் மட்டும் போட்டுக் கொடுங்க." மலைச்சரிவில் வீடு கட்ட எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பெருமையோடு சொல்வது இது. போன வாரமும் ஒருவர் வந்தார். மேல்பக்கத்தை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளி மைதானம் ஆக்கியிருக்கிறார். ஒரே ஒரு பெருமழைதான் பெய்திருக்கிறது. கொட்டிய மண்ணில் பிறை வடிவில் விரிசல் ஓடுகிறது. அதன் மேல் எந்த வீட்டை நான் வரைவது?

சமதளம் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிவது ஒரே நிலமில்லை. பாதி, காலங்காலமாக இறுகிக் கிடந்த மண். மீதி, நேற்று கொட்டியது. கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும், வெட்டிய பக்கத் தரை அவ்வளவாக அமுங்காது. இரண்டிலும் காலை ஊன்றி நிற்கும் வீடு நடுவில்தான் பிளக்கும். ரோலர் ஓட்டினோம், இரண்டு மழை விட்டோம் என்பதெல்லாம் பதிலாகாது. மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கிச் சோதித்தால்தான் அது நிரப்பு மண். மற்றதெல்லாம் வெறும் குவியல். வெட்டிய பக்கமும் லேசுப்பட்டதல்ல. மேலே உள்ள சரிவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அடிமண்ணை எடுத்துவிட்டீர்கள்.

ஹாங்காங்கின் சாவ் மாவ் பிங் பகுதியில் 1972 ஜூனில் பெருமழையில் இடிந்தது, சரியாக இறுக்காமல் மண் நிரப்பி உருவாக்கிய சரிவுதான். 71 பேர் இறந்தார்கள். 1976இல் அதே பகுதியில் இன்னொரு நிரப்புச் சரிவு இடிந்து 18 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அரசு அலுவலகமே அங்கே வந்தது.

"பலமா ஒரு ரீடெய்னிங் வால் கட்டிட்டா போச்சு" என்பார்கள். மண் சரியாமல் தடுக்கும் அந்தச் சுவர் தாங்குவது மண்ணை மட்டுமில்லை. பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் தண்ணீர் மட்டுமே சுமார் 4.5 டன் விசையோடு தள்ளும். அதற்காகத்தான் வீப் ஹோல், அதாவது சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள், விடுகிறோம், பின்னால் ஜல்லி நிரப்புகிறோம். வெளியே கறை வழிகிறது என்று அந்த ஓட்டைகளை சிமென்ட் வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் படிப்படியாக இறக்குங்கள். அரைத்தள உயர வித்தியாசங்களில் அறைகள் அமைந்தால் வெட்டும் மண் மிகக் குறையும், ஒவ்வொரு அறைக்கும் காட்சியும் கிடைக்கும். வீட்டின் நீளப்பக்கம் சம உயரக் கோட்டை, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டை, ஒட்டிப் போகட்டும். அந்தக் கோடுகளை அளந்து வரையும் காண்டூர் சர்வே இல்லாமல் முதல் கோடு போடக் கூடாது. மண் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

தொழிலில் புதிதாக நுழைந்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. தூண்களில் ஏற்றி நிறுத்துவதும் தானாகப் பாதுகாப்பு ஆகிவிடாது. மேல்பக்கத் தூண்கள் குட்டை, கீழ்ப்பக்கம் நெட்டை. உயரம் பாதியானால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. விறைப்பானதுதான் அதிக விசையை வாங்கும் என்பதால், நிலநடுக்கத்தில் அடியின் பெரும்பகுதி குட்டைத் தூண்கள் மேல் விழும். ஸ்ட்ரக்சுரல் பொறியாளரை முதல் ஸ்கெட்சிலேயே உட்கார வையுங்கள். கிளையன்ட் போய்விடுவார் என்று பயந்து, வெட்டிச் சிதைத்த இடத்துக்கு அவசரமாக பிளான் போட்டுக் கொடுக்காதீர்கள்.

நிலம் வாங்கப் போகிறவர்கள் மழைநாளில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே ஊறுகிறது, மரங்களின் அடி வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஓடைப் பாதையில் கட்டாதீர்கள். கூரைத் தண்ணீரையும் செப்டிக் டேங்க் கழிவுநீரையும் சரிவுக்குள் இறக்காதீர்கள்.

ஏற்கனவே கட்டிக் குடியிருப்பவர்கள், விரிசலைப் பூசி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள். சுவர் புடைத்தாலோ, நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று இறுகினாலோ, சரிவிலிருந்து கலங்கல் தண்ணீர் புதிதாகக் கசிந்தாலோ, அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். சாமானைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.