ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு புதுக் கணக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வையுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் 8 கிலோ மல்லி போடுகிறார், கிலோ 600 ரூபாய், கமிஷன் 10 சதவீதம் என்றால் 4,800-ல் 480 போக 4,320 ரூபாய் அவருக்கு வர வேண்டும். ஏற்கெனவே 1,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் 3,320. இந்த இரண்டையும் நாம் உட்கார்ந்து கூட்டிப் பார்க்காமல் புரோகிராமே சரிபார்த்துக்கொள்ள, தனித்தனியாக இரண்டு யூனிட் டெஸ்ட் எழுதுவோம்.

இரண்டுக்கும் தொடக்க வேலை ஒன்றுதான்: காலிக் கணக்கு ஒன்றைத் திறந்து விவசாயியின் பெயரைச் சேர்க்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரே இடத்தில் வைக்கத்தான் செட்அப் மெத்தட். ஸ்மால்டாக் மொழிக்குக் கென்ட் பெக் எழுதிய எஸ்யூனிட், அவரும் எரிக் காமாவும் 1997-ல் விமானத்தில் போய்க்கொண்டே ஜாவா மொழிக்காக எழுதத் தொடங்கிய ஜேயூனிட், பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் எல்லாம் இப்படி டெஸ்டுகளை ஓட்டித்தரும் கருவிகள், ஒரே வம்சம்.

புதிதாக வருகிறவர்கள் பலர், செட்அப் ஆரம்பத்தில் ஒரு தடவை ஓடும் என்றே நினைக்கிறார்கள். இல்லை, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் அது மறுபடி ஓடும். ஜேயூனிட் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு மாதிரி சொல்லாதவரை, ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும், டெஸ்டுகள் எழுதியிருக்கும் கிளாஸின் புது ஆப்ஜெக்டையே உருவாக்கிக் கொடுக்கிறது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? வேகமாக ஓடட்டும் என்று அந்தக் கணக்கைக் கிளாஸ் அளவில் ஒரே தடவை திறந்து வைத்துப் பாருங்கள். பைத்தானின் யூனிட்டெஸ்ட் டெஸ்டுகளைப் பெயரின் அகர வரிசையில் ஓட்டும், அதனால் அட்வான்ஸ் டெஸ்ட் முதலில் ஓடி 3,320 என்று சரியாகச் சொல்லிவிடும். அடுத்து வரும் கமிஷன் டெஸ்ட் அதே கணக்கில் இன்னொரு 8 கிலோவைப் போட்டு, 4,320 வர வேண்டிய இடத்தில் 7,640 என்று நிற்கும். தனியாக ஓட்டினால் பாஸ். அப்புறம் யாரோ அட்வான்ஸ் டெஸ்டின் பெயரை முன்பணம் என்று மாற்றினால் வரிசை புரண்டு, இதுவரை பாஸ் ஆன டெஸ்ட் தோற்கும், தோற்றது பாஸ் ஆகும். கணக்குப் போடும் கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது! ஜாவா 7 வந்து மெத்தட்கள் கிடைக்கும் வரிசை நிச்சயமில்லாமல் போனபோது, இப்படி வரிசையை நம்பியிருந்த ஜேயூனிட் டெஸ்டுகள் உடைந்தன.

சரி, அந்த 10 சதவீதத்தையும் செட்அப்பிலேயே போட்டுவிடலாமே என்று கை போகும். போடாதீர்கள். 200 வரி கீழே 4,320 என்று ஒரு டெஸ்ட் எதிர்பார்த்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று படிப்பவர் மேலே போய்த் தேட வேண்டியிருக்கும். விடையைத் தீர்மானிக்கும் கிலோ, விலை, கமிஷன் மூன்றும் அந்த டெஸ்டுக்குள்ளேயே கண்ணில் படட்டும். எழுதுவது நீளமானால் அந்த மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். எல்லா டெஸ்டுக்கும் வேண்டிய, ஆனால் எந்த டெஸ்டும் சோதிக்காத சமாச்சாரம் மட்டும்தான் செட்அப்புக்கு உரியது என்பேன். டாட் நெட்டுக்கான டெஸ்ட் கருவி எக்ஸ்யூனிட் டாட் நெட்டைச் செய்தவர்கள் செட்அப் என்று தனியாக ஒன்று வைக்காமல், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

திறந்த ஃபைலை மூடுவது, தற்காலிக ஃபோல்டரை அழிப்பது எல்லாம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின்னால் ஓடும் டேர்டவுன் மெத்தட் பார்த்துக்கொள்ளும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பைத்தானில் செட்அப் பாதியில் விழுந்தால் டேர்டவுன் ஓடவே ஓடாது, செட்அப் திறந்துவைத்தது அப்படியே கிடக்கும். ஆனால் ஆட்கிளீனப் (addCleanup) என்ற மெத்தட் மூலம் பதிவு செய்த வேலைகள் அப்போதும் ஓடும், அதனால் ஒன்றைத் திறந்த கையோடு அதை மூடுவதையும் பதிந்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் மாதிரிக் கனமானவற்றை ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாகக் கட்டினால் நேரம் தின்னும்தான். பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் கிளாஸ் அதற்கு வழி வைத்திருக்கிறது: டேட்டாபேஸைத் தொடக்கத்தில் உருவாக்கிவிட்டு, ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது எழுதியதைத் திரும்ப எடுத்துவிடும், அடுத்த டெஸ்ட் வரும்போது முந்தைய டெஸ்ட் எழுதிய அட்வான்ஸ் டேபிளில் இருக்காது.