பழைய தெருவுக்குப் பசுமைச் சான்றிதழ்: கணக்கை எங்கே தொடங்குவது?

மதுரையில் மாசி வீதிகளுக்கு உட்பட்ட ஒரு தெருவைச் சேர்ந்த வீட்டுக்காரர்கள் சிலர், தெரு முழுவதையும் சேர்த்துப் புதுப்பித்து அதற்குப் பசுமைச் சான்றிதழ் (சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்கும் பகுதிகளுக்கும் தரும் தரச்சான்று) பெற முடியுமா என்று கேட்டு என்னை அழைத்திருந்தார்கள். பழைய வீடுகளைச் செப்பனிடும் பணியில் இருக்கும் கட்டடக் கலைஞன் என்ற முறையில் நான் முதலில் பார்த்தது ஒரு வாசற்படியை. தம் சிறுவயதில் திண்ணைக்கு ஏற நான்கு படிகள் இருந்ததாக அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே புதிய சாலை போட்டதில் மற்ற மூன்றும் புதைந்துவிட்டன.

உள்ளே சென்றால் அதன் விளைவு சுவரில் தெரிந்தது. தெரு உயர்ந்து வீட்டுத் தரையை நெருங்கிவிட்டதால் மழைநீர் வாசலில் தேங்கி, சுவரின் அடியில் ஓதம் ஏறியிருக்கிறது. அதை மறைக்க யாரோ இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவர், உறிஞ்சிய ஈரத்தைக் காற்றிலும் வெயிலிலும் தானே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டதால், ஈரம் பூச்சையும் தாண்டி நெஞ்சளவுக்கு ஏறி, அங்கே உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. கொத்தனார் உளியால் லேசாகத் தட்டியதும் பூச்சு பலகைபோல் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லில் விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது.

இந்தச் சுவரையும் அந்தப் படிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் சான்றிதழ்களைப் படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். தனிக் கட்டடங்களுக்கு நம் நாட்டில் இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும், கிரிஹா என்ற தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பும் தரமதிப்பீடு வழங்குகின்றன. ஒரு குடியிருப்புப் பகுதியை முழுவதுமாக மதிப்பிடும் முறைகளில் அமெரிக்காவின் லீட் அமைப்பும், பிரிட்டனின் பிரீயாம் அமைப்பும் பரவலாக அறியப்பட்டவை. குடியிருப்புப் பகுதிகளுக்கான லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 பெற்றால் சான்றிதழ், 80 பெற்றால் பிளாட்டினம்.

அதன் நான்காம் பதிப்பில் நடப்பதற்கு ஏற்ற தெருக்களுக்கு 9 புள்ளிகள், நெருக்கமாக அமைந்த குடியிருப்புக்கு 6, மழைநீர் மேலாண்மைக்கு 4. நெருக்கமும், கடையும் வீடும் கலந்திருப்பதும் நம் மாசி வீதிகளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன; பால், காய்கறி, பள்ளிக்கூடம், கோயில் அனைத்தும் நடைதூரத்தில். புதிய நகர்களில் கோடிகள் செலவிட்டும் எளிதில் கிடைக்காத இந்த அமைப்பை, வாகன நிறுத்தத்துக்கு இடம் வேண்டும் என்று திண்ணைகளை இடித்து நாமே குறைத்துவருவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆனால் அதே பட்டியலில், பழைய கட்டடத்தை இடிக்காமல் மறுபடி பயன்படுத்துவதற்குக் கிடைப்பது 1 புள்ளி. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் பேணுவதற்குத் தனியாக 2 புள்ளிகள் உண்டு. அந்தத் தெருவைப் பொறுத்தவரை முதன்மையானது இந்த ஒற்றைப் புள்ளிதான். செங்கல்லைச் சுடச் செலவான விறகும், உத்தரங்களுக்கு வெட்டிய மரமும் என்றைக்கோ செலவாகிவிட்டவை. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டினால் அந்தச் செலவை முழுவதுமாக இன்னொரு முறை செய்கிறோம். சிமெண்ட் தயாரிப்பில் சூளைக்கு எரிக்கும் எரிபொருள் மட்டுமல்லாமல், சுண்ணாம்புக்கல் சூடாகிப் பிரியும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆகவே புள்ளிகளை எளிதில் சேர்த்துத் தரும் வேலைகளை முன்னே வைத்து, வீட்டைப் பிழைக்க வைக்கும் வேலைகளைப் பின்னே தள்ளும் ஆலோசனைகளைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

மழைநீரிலும் இதே எச்சரிக்கை தேவை. தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த தொட்டிகள் அந்தத் தெருவிலும் இருந்தன; நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை மண்ணும் குப்பையும் அடைத்துக் கிடந்தன. முற்றத்துக் கிணறுகள் சிலவற்றின் மேல் பலகை போட்டுச் சாமான்கள் அடுக்கியிருந்தார்கள். புதிய தொட்டி தோண்டுவதைவிட, கிணற்றைத் தூர்வாரி, மாடித் தண்ணீரை வடிகட்டி அதற்குள் விடுவது செலவும் குறைவு, பயனும் அதிகம்.

யார் விண்ணப்பிப்பது என்பதும் எளிய கேள்வியல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சங்கம் இருக்கும். தெருவுக்கு அப்படி இல்லை. உரிமையாளர் சென்னையில், குடியிருப்பவர் வாடகைக்கு, கீழே கடை வேறொருவருக்கு என்று இருக்கும் இடத்தில், வாடகைக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைக்காமல் எடுக்கும் முடிவு நிலைக்காது. புதுப்பித்த பின் வாடகை உயர்ந்து அவர்கள் வெளியேற நேர்ந்தால், அந்தத் தெருவைப் புதுப்பித்ததாக நான் சொல்லமாட்டேன்.

எனவே விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைக்கும்படி சொன்னேன். அந்த ஓராண்டுக்கும் ஒவ்வொரு வீட்டின் மின்கட்டண அளவும், கிணற்று நீர்மட்டமும் எழுதி வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டு, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். அடுத்த முறை சாலை போடும் முன், பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கக் கோரி எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாசலிலும் வீட்டுத் தரைமட்டத்தைச் சிவப்பு பெயிண்டால் குறித்து வைத்திருக்கிறோம். பெரியவர் வீட்டு வாசலில், புதைந்த மூன்று படிகளின் உயரமும் அந்தக் கோட்டுக்கு அருகிலேயே அங்குலக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.