அவதூறு: சொல்லும் சட்டமும்

ஃபேஸ்புக்கில் சண்டை முற்றினால் ஒருவர் ‘மானநஷ்ட வழக்குப் போடுவேன்’ என்பார், இன்னொருவர் ‘அவதூறு வழக்குப் போடுவேன்’ என்பார். இரண்டும் ஒன்றல்ல. இழப்பீடாகப் பணம் கேட்டு சிவில் நீதிமன்றத்துக்குப் போவது மானநஷ்ட வழக்கு. தண்டனை கேட்டுக் குற்றவியல் நடுவரிடம் போவது அவதூறு வழக்கு. ஒரே பதிவுக்காக இரண்டையும் தொடுக்கலாம்.

அவதூறு என்பதை அவம், தூறு என்று பிரிக்கலாம். அவம் என்றால் வீண், கேடு. தவத்துக்கு எதிராக ‘அவஞ்செய்வார்’ என்று குறள் சொல்கிறதே, அந்த அவம். இல்லை, அது அவமானத்தில் வருகிற வடமொழி முன்னொட்டு என்பாரும் உண்டு. தூறு என்றால் பழிச்சொல், அதை ஊரெங்கும் பேசுவது தூற்றுதல். களத்தில் நெல்லைக் காற்றில் விட்டுப் பதர் பிரிக்கிறோமே, அதற்கும் தூற்றுதல் என்றுதான் பெயர். ஆக, பரவ விடுவது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில டிஃபமேஷனும் அப்படித்தான்: ‘ஃபாமா’ என்ற லத்தீன் சொல்லுக்கு ஊர்ப்பேச்சு என்றும் நற்பெயர் என்றும் பொருள், பேச்சைப் பரப்பிப் பெயரைக் கெடுப்பதுதான் டிஃபமேஷன்.

சட்டமும் பார்ப்பது இந்தப் பரப்புதலைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் வந்தது. 2 ஆண்டுவரை வெறுங்காவல் (கடுங்காவல் அல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவரை அவருக்கு மட்டும் தனியாகத் திட்டி எழுதினால் அது வசை, அவதூறு ஆகாது. அதையே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ‘சங்கப் பணத்தைச் சுருட்டியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்’ என்று போட்டு, பெயர் சொல்லாமலே பொருளாளரைத்தான் சொல்கிறோம் என்று படிப்பவர்களுக்குப் புரிந்துவிட்டால் போதும், வழக்குக்கு இடம் உண்டு. கேள்விக்குறி போட்டேன், கிண்டலாகத்தான் சொன்னேன், மீம்தானே என்பதெல்லாம் தப்பிக்கும் வழியல்ல. படமும் குத்தலும்கூட இந்தப் பிரிவுக்குள் வரும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் குற்றம்தான்.

‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்’ என்பதைத்தான் நம் ஆட்கள் பெரிய கவசமாக நினைக்கிறார்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் மீதான வழக்கு அவதூறுப் பிரிவில் வந்ததல்ல, ஆனாலும் பகிர்ந்தேன் என்பது கவசமல்ல என்ற பாடம் அதில் இருக்கிறது. சமூக ஊடகத்தில் ஒரு செய்தியை அனுப்புவதும் முன்னனுப்புவதும் (ஃபார்வர்டு செய்வதும்) வில்லிலிருந்து புறப்பட்டுவிட்ட அம்பு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

சரி, உண்மையைச் சொன்னால்? உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது குற்றவியல் சட்டம். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, ஏனென்றால் சாலை போடாத அதிகாரியைக் கேள்வி கேட்பவரை மிரட்டவும் இந்தப் பிரிவு கைக்கு எட்டுகிறது. என்றாலும் 2016இல் உச்ச நீதிமன்றம், அப்போதிருந்த 499, 500 பிரிவுகள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆறுதலுக்கு, அரசு ஊழியரின் அலுவல் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு 356ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அப்புறம், யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்று பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம், 2015லேயே அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தனித்தமிழில் எழுத விரும்புவோர் ‘பழிதூற்றல்’ என்று எழுதலாம், பொருள் சிறிதும் குறையாது. மானநஷ்டத்துக்கு ‘மான இழப்பு’ சரியாகப் பொருந்தும். செய்தியிலும் மனுவிலும் அவதூறு என்றே இருக்கட்டும், பழகிய சொல்.

பாதிக்கப்பட்டவர் நேரே காவல் நிலையம் போனால், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள், காரணம் நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றமல்ல இது. தனிப் புகாராக நடுவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும். இழப்பீடு கேட்பதாக இருந்தால் பதிவு வெளியான நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும்.