கூலர் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

கோடை தொடங்கியதும் எங்கள் சர்வீஸ் மேசைக்குப் பக்கக் கதவு மூடாத கணினி கேபினட்டுகள் வரத் தொடங்கிவிடும். கணினி திணறுகிறதே என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், பிராசசரைக் குளிர்விக்கும் கூலர்களில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். கதவு மட்டும் மூடாது. திறந்தே வைத்து ஓட்டினால் சென்னைத் தூசு இரண்டே மாதத்தில் கூலரின் ஃபின்கள் எனும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையில் பஞ்சாகப் படிந்து, கூடுதலாகக் கொடுத்த காசைத் தின்றுவிடும்.

இரண்டு ஃபின் அடுக்குகள் கொண்ட இரட்டைக் கோபுரக் கூலர்கள் பலவற்றின் உயரம் 160 மில்லிமீட்டரைத் தொடும்; நாக்டுவா என்எச்-டி15 165 மில்லிமீட்டர். சிறிய கேபினட்டுகள் பலவற்றில் அவ்வளவு இடம் கிடையாது. கேபினட்டின் விவரக்குறிப்பில் கூலர் உயர வரம்பு இருக்கும். அது கையில் இல்லையென்றால், பிராசசரின் மேல்பரப்பிலிருந்து பக்கக் கதவின் உட்புறம் வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இதோடு ராம் எனும் நினைவகப் பலகையையும் பார்க்க வேண்டும். பெரிய கூலர்களின் முன் ஃபேன் ராம் ஸ்லாட்டுகளின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். விளக்கு மின்னும் உயரமான ராம் போட்டிருந்தால் ஃபேனைச் சற்று மேலே ஏற்றி மாட்ட வேண்டிவரும். அப்போது மொத்த உயரமும் கூடிவிடும். 160 என்று நம்பி வாங்கியது 170 ஆவது இப்படித்தான்.

அடுத்தது வாட் கணக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல் ஐ5-12400 பிராசசருக்கு அடிப்படை மின்திறன் 65 வாட்; முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஐ9-13900கே-க்கு 125 என்று சொல்வார்கள், உச்சம் 253. ஏஎம்டியில் 105 வாட் ரைசன் 5000 சிப்புகள் 142 வாட் வரை இழுக்கும். கூலரைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டாவது எண்தான் கணக்கு. 12400 போன்ற சிப்புக்கு நான்கு வெப்பக்குழாய்களும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் கொண்ட ஒற்றைக் கோபுரமே தாராளம். அதற்குப் போய் இரட்டைக் கோபுரம் வாங்குவது வீண்செலவு என்பேன்.

விமர்சன வீடியோக்களில் காட்டும் வெப்பநிலையை அப்படியே நம்பாதீர்கள். காற்றுக் கூலரால் அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. 22 டிகிரி அறையில் 75 காட்டிய சிப், ஏசி இல்லாத மயிலாப்பூர் மாடி அறையில், 36 டிகிரி மதியத்தில், அதே வேலைக்கு 89ஐ நெருங்கும். சிப்பின் உச்ச வாட்டுக்கு மட்டுமட்டாக இருக்கும் கூலர் இங்கே போதாது. ஒரு படி மேலே போங்கள். அதேநேரம், ரைசன் 7000 வரிசையின் பல சிப்புகள் கடும் வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழைய கூலரையே பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று: 2021இல் வந்த, எல்ஜிஏ1700 எனும் இன்டெல் பிராசசர் சாக்கெட் கொண்ட மதர்போர்டுகளில் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆனது. தனி பிராக்கெட் இல்லாமல் பெரும்பாலான பழைய கூலர்கள் அதில் உட்காராது.

பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை. கணினிக்குக் கனமான வேலை கொடுத்து, வெப்பநிலை ஒரே இடத்தில் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் குறை கூலரில் இல்லை. முன்பக்கம் கண்ணாடியால் அடைபட்ட கேபினட்டுக்குள் காற்று நுழையவில்லை. காற்றை உள்ளிழுக்க முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போடுங்கள். கூலரை அப்புறம் பார்க்கலாம்.