மார்பக மறுசீரமைப்பு: பதிலை அவரே சொல்லட்டும்

"இந்த வயசுல மார்பகத்தைத் திரும்ப உருவாக்குறதெல்லாம் எதுக்கு டாக்டர்?" கேட்டது நோயாளி இல்லை, கூட வந்த அக்கா. நோயாளிக்கு 46 வயது. புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்து நான்கு ஆண்டு ஆகிறது. அதற்கப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லையாம். சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி பார்க்கும் நான் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். உறவுக்காரர்களே, தயவுசெய்து அவரைப் பேச விடுங்கள்.

மார்பகத்தைத் திரும்ப உருவாக்கினால் புற்றுநோய் திரும்பிவிடும், வந்தாலும் உள்ளே மறைந்திருக்கும் என்று ஒரு பயம். நோய் யாருக்கும் திரும்பாது என்று நான் சொல்லவில்லை. திரும்புவதற்கும் இந்த அறுவைக்கும் சம்பந்தமில்லை என்கிறேன். அதைத் தீர்மானிப்பது கட்டியின் வகை, அளவு, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா என்பது, எடுத்துக்கொண்ட சிகிச்சை. நாங்கள் வைப்பது உங்கள் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்த சதை, இல்லையென்றால் சிலிக்கோன் பை. மார்பகத்தை எடுத்த இடத்தில் நோய் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ, தோலுக்குச் சற்றே அடியிலோதான் தலைகாட்டும், கைக்குத் தட்டுப்படும். இவ்வளவும் சொன்னால் தலையாட்டுவார்கள். வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு, அதே சந்தேகத்தோடு வருவார்கள்.

மார்பகத்தை எடுக்கும் தேதி குறிக்கும் முன்பே மறுசீரமைப்பைப் பற்றிக் கேளுங்கள். பலருக்கு அதே மயக்கத்தில் இதையும் முடிக்கலாம். சிலர் ரேடியேஷன் முடிந்து சில மாதம் காத்திருக்க வேண்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் சிலிக்கோன் பையைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். அங்கே சொந்தச் சதைதான் என் தேர்வு. தொடுஉணர்வு பழையபடி முழுசாக வராது, அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். அறுவையே வேண்டாம், பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் போதும் என்றால், அதுவும் சரி.

ஆனால் தூக்கம் போய், கண்ணாடியைத் தவிர்த்து, கணவரிடமிருந்து ஒதுங்கி இருப்பவருக்குக் கத்தி மட்டும் போதாது. மனநல மருத்துவர் என்றதும் "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடும். அவர் வேறு மாத்திரை தருவார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.